சைக்கிளா, உண்டியலா, தெப்பக்குளத்து ஓட்டமா: பிள்ளைக்கு இலக்கு பழக்க எந்த வழி?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் மதுரை அனுப்பானடிப் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "இந்த வருசமாவது இவன் ஒரு குறிக்கோளோட இருக்கணும்" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் பையன் வாயைத் திறக்கமாட்டான். அவனிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். குறிக்கோள் வேண்டும் என்று பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது, ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு இலக்கை எப்படிப் பொறுக்குவது, எப்படித் துண்டு போடுவது, நடுவில் சலிப்புத் தட்டினால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறேன். எட்டு முதல் பதின்மூன்று வயதுக்குள் இருக்கும் இவர்கள் வீடுகளில் நான் பார்க்கிற வழிகள் பெரும்பாலும் நாலைந்துதான். மார்க்குக்குப் பரிசு பேசுவது, படிப்படியாகத் தேர்வு வைக்கும் வகுப்பில் சேர்ப்பது, உண்டியல் வைத்துச் சேர்க்கச் சொல்வது, பிள்ளையே ஒரு காரியத்தைப் பொறுக்கிச் செய்ய விடுவது, இவை போகச் சுவரில் அட்டவணை ஒட்டுவது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு, ஒன்பது வயதில் உண்டியல். பத்து வயதுக்கு மேல் பிள்ளையே பொறுக்கிய காரியம். வகுப்பு அதற்கும் பிறகு. மார்க்குக்குப் பரிசு கடைசி.

மார்க் எடு, சைக்கிள் தாரேன்

பரிசு பேசுவதில் பெற்றோருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு வாக்கியத்தில் வேலை முடிந்துவிடும். "நாலு பாடத்துல தொண்ணூறு எடு, சைக்கிள் வாங்கித் தாரேன்." பிள்ளைக்கும் உடனே புரியும், கண்ணும் மின்னும். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தொண்ணூறுக்காக என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. வினாத்தாள் அவன் கையில் இல்லை. திருத்துகிறவர் மனசும், தேர்வு நேரத்தில் வரும் காய்ச்சலும் அவன் கையில் இல்லை.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் பல நகரப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே பணம் கொடுத்துப் பார்த்து, முடிவை 2011-ல் வெளியிட்டார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் தந்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. டல்லாஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றிய சின்ன வினாடி வினாவில் தேறினால் 2 டாலர். அங்கே வாசிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. புத்தகம் படிப்பது பிள்ளையின் கையில் இருக்கிற வேலை, மதிப்பெண் அப்படியில்லை. காசு பேசித்தான் ஆகவேண்டும் என்றால் செய்கிற வேலைக்குப் பேசுங்கள். "தினம் பத்துக் கணக்கு" என்பது பேசத் தகுந்தது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து ஓய்வு நேரத்தில் பேனாவை வைத்துப் பார்த்தபோது, பேரம் பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கிய பிள்ளைகளின் ஆசை குறையவில்லை. ஆகவே சிலம்பத்தின் மேல் தானாகவே உயிரையே வைத்திருக்கிற பையனிடம் சிலம்பத்துக்குப் பரிசு பேசாதீர்கள். ஒரு வரிசையை முழுசாகக் கற்று முடித்த அன்றைக்கு, முன்னால் ஒரு வார்த்தையும் சொல்லாமல், விளக்குத்தூண் பக்கம் கூட்டிப் போய் ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள். அதில் கெடுதல் இல்லை.

பெல்ட்டு, சர்ட்டிபிகேட்டு

கராத்தேயில் பெல்ட். இந்திப் பிரச்சார சபாவில் பிராத்மிக், மத்தியமா, ராஷ்ட்ரபாஷா. அபாகஸில் லெவல். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் டைப்ரைட்டிங் லோயர், ஹையர். இவற்றின் பலமே படிக்கட்டுதான். அடுத்த படி எது என்பது தெரியும், தேதி உண்டு, கூடவே படிக்கப் பத்துப் பேர் உண்டு. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புகிற வீட்டில் இதைவிட ஒழுங்கான ஏற்பாடு அமைவது கஷ்டம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் நல்லது.

குறை என்னவென்றால், இலக்கைப் பொறுக்கும் வேலையைப் பாடத்திட்டமும் மாஸ்டரும் செய்துவிடுகிறார்கள். துரத்துவது மட்டுமே பிள்ளையின் பங்கு. கோப்பு நிறையச் சான்றிதழ் வைத்திருக்கிற பெண்ணிடம் "லீவுல நீயா என்ன செய்யப் போற?" என்று கேட்டால், "தெரியல அத்தை, அம்மா எதுலயாவது சேத்து விடுவாங்க" என்கிறாள். கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூணு மாசம் கழிச்சு உனக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்? பதில் அவர்கள் வாயிலிருந்து வந்தால் பணம் கட்டலாம்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறவர்களுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இதே வகைதான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, தேர்வில் தேறித் தெரிவுப் பட்டியலிலும் வந்துவிட்டால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இது பிள்ளையின் இலக்கு என்பதோடு வீட்டின் தேவையும்கூட. அதை அப்படியே பிள்ளையிடம் சொல்லிவிடுவதில் தப்பில்லை. பதின்மூன்று வயதுக்கு அது புரியும். மனத்திறன் கேள்வி 90, பாடக் கேள்வி 90. தினம் பத்துக் கேள்வி என்று போட்டால் வேலை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கிவிடும்.

உண்டியல்

எட்டு வயதுப் பிள்ளைக்கு 'மூன்று மாதம்' என்பது வெறும் சத்தம். "தெப்பத் திருவிழாவுல ஆரம்பிச்சு அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள" என்று சொல்லுங்கள், புரிந்துவிடும். தைப் பூசத்துத் தெப்பத்துக்கும் சித்திரைப் பௌர்ணமிக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம்தான். தீபாவளிக்கும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கும் நடுவில் சுமார் இரண்டரை மாதம். மதுரைப் பிள்ளைக்கு நாள்காட்டி திருவிழாக்களாலேயே கட்டப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு 'மார்ச் 31-க்குள்' என்று ஆபீஸ் கணக்கு பேசவேண்டியதில்லை.

வாங்க நினைக்கிற பேட் 360 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு முப்பது. இந்த வகுத்தலைப் பிள்ளையே போடட்டும். வகுத்தல் எதற்கு என்று அன்றைக்குத் தெரியும். மண் உண்டியல் பார்க்க அழகு, உடைக்கிற சந்தோஷமும் தனிதான். ஆனாலும் இந்த வேலைக்கு நான் ஊறுகாய் ஜாடி மாதிரி உள்ளே தெரிகிற டப்பாவைத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தரையில் கொட்டி எண்ணலாம். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது கண்ணால் தெரியவேண்டும்.

இரண்டு விதிகளை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒன்று, குறைகிற பணத்தைக் கடைசி வாரத்தில் நீங்கள் போட்டு நிரப்பக் கூடாது. பாதிக்குப் பாதி போடுவதாக இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். இரண்டாவது, மாமா ஊருக்குக் கிளம்பும்போது கையில் திணிக்கிற ஐந்நூறு ரூபாய்த் தாள். பன்னிரண்டு வாரப் பழக்கத்தை அந்த ஒரு தாள் ஒரு நொடியில் முடித்துவிடும். அதை வேறு டப்பாவில் போடுவதாக முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. (பால்காரருக்குச் சில்லறை இல்லையென்று உண்டியலில் கை வைக்கிற அம்மாக்களுக்கும் ஒரு விதி வேண்டும். எடுத்தால் சீட்டு எழுதி உள்ளே போட்டுவிட்டு எடுங்கள். அப்பத்தாக்கள் இதை என்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை.)

பத்து வயது நிறைந்துவிட்டால் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைப் பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். குறைந்தபட்சம் 500 ரூபாய். வட்டி பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "கையெழுத்து இங்க போடுங்க தம்பி" என்று தன்னிடம் சொல்வதைக் கேட்கிற பையன் நிமிர்ந்து நிற்பான்.

உண்டியலின் எல்லையும் தெளிவானது. காத்திருக்கவும் கணக்குப் போடவும் அது கற்றுத்தரும். ஆனால் முயற்சியில் தோற்று, மறுபடி முயல்கிற சந்தர்ப்பம் அதில் கிடையாது. வாரக் காசு கொடுக்க முடியாத வீடுகளில் இந்த வழியை எடுக்கவே வேண்டாம். பிள்ளைக்கு அது இலக்காக இருக்காது, ஏக்கமாகத்தான் இருக்கும்.

பிள்ளையே பொறுக்கிய காரியம்

தெருவில் ஒரு பத்து வயதுப் பெண். போலீஸ் ஆகவேண்டும் என்பாள். எல்லாரும் "நல்லாப் படி, ஆகலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பத்து வயதுக்கு அது பத்து வருடம் தள்ளி நிற்கிற ஆசை. இன்றைக்கு அதில் ஒரு நுனியைப் பிடிக்க முடியுமா என்று கேட்டால், "ஓடணும்ல?" என்றாள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. ஒரு கரை ஏறக்குறைய முந்நூறு மீட்டர், நான்கு கரையும் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நிற்காமல் ஒரு சுற்று ஓடவேண்டும் என்பது அவளே வைத்த இலக்கு. முதல் வாரம் ஒரு கரை ஓட்டம், மூன்று கரை நடை. அது சுலபமான பிறகு இரண்டு கரை ஓட்டம். குளம் தானே அளவுகோலாக நின்றது. எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. சாயங்காலக் கூட்டமும் போண்டாக் கடை வாசனையும்தான் பெரிய இடைஞ்சல் என்பதால் விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாள். அதையும் அவளேதான் கண்டுபிடித்தாள்.

துண்டு போடுவதில் இவ்வளவு பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கழித்தலில் பின்தங்கிய, கணக்கென்றாலே ஆர்வமில்லாத 40 பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே 42 பக்கப் பயிற்சி, ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் 'ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கமாவது முடிக்கப் பாருங்கள்' என்றார்கள். இன்னொரு குழுவிடம் 'ஏழு அமர்வு முடிவதற்குள் 42 பக்கம்' என்றார்கள். வேலை ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு. ஆறு ஆறாகப் போனவர்கள் கணக்கில் முந்தினார்கள். தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் கணக்கின் மேல் ஆர்வமும் அவர்களிடமே கூடியிருந்தன. எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கடைசி விஷயம். ஆர்வம் வந்தால் செய்வான் என்று நாம் காத்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யச் செய்யத்தான் ஆர்வம் வந்தது.

திருக்குறள் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்கிற முற்றோதலுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை மாணவர்களுக்குப் பரிசு தருகிறது. 1330 என்ற எண்ணைக் கேட்டதும் பிள்ளைக்குத் தலை சுற்றும். அதிகாரமாகப் பார்த்தால் 133. வாரம் ஒன்று என்றால் இரண்டரை வருடம், வாரம் மூன்று என்றால் ஒரு வருடத்துக்குள். எந்த வேகம் என்பதைப் பிள்ளை சொல்லட்டும். கடவுள் வாழ்த்திலிருந்து வரிசையாகத்தான் போகவேண்டும் என்றில்லை. பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்த குறள்களை முதலில் எண்ணிக் கழித்துவிட்டால், தொடங்கும்போதே கொஞ்ச தூரம் வந்தாகிவிட்டது. வாசிப்பு இலக்கு என்றால் சிம்மக்கல் நூலகம் இருக்கிறது, புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. நீச்சல் என்றால் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம்.

பிள்ளைகள் எப்போதும் இவ்வளவு மரியாதையான இலக்காகப் பொறுக்கமாட்டார்கள். பம்பரத்தைச் சாட்டையால் சுண்டி உள்ளங்கையில் ஏந்தவேண்டும் என்பான் ஒருவன். ரூபிக்ஸ் கியூபை ஒரு நிமிடத்தில் சேர்க்கவேண்டும் என்பான் இன்னொருவன். விடுங்கள். பத்து வயதில் பம்பரத்தில் பழகுகிற துண்டு போடும் வேலைதான் பதினாறு வயதில் வேதியியலுக்கும் உதவப்போகிறது. நான் பார்ப்பது மூன்றே விஷயம்: அது அவன் கையில் இருக்கிற காரியமா, 'எத்தனை' என்று எண்ண முடியுமா, அடுத்த திருவிழாவுக்குள் முடியுமா. 'நல்ல பிள்ளையா இருக்கணும்' என்ற இலக்கு மூன்றிலும் தோற்கும்.

இடைஞ்சலை முன்கூட்டியே பேசிவைப்பதில்தான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன. ஆசையைப் பேசுவோம், தடையைப் பேசினால் அபசகுனம் என்று நினைப்போம். 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 77 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு, தங்கள் ஆசையையும் அதற்கு நடுவே வரக்கூடிய தடையையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவும், தடை வந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்யவும் பழக்கினார்கள். வெறுமனே நல்லதை மட்டும் நினைத்த பிள்ளைகளைவிட இவர்களுடைய மதிப்பெண், வருகைப் பதிவு, நடத்தை மூன்றும் மேலாக இருந்தன. நம் வீட்டு மொழியில் இது ரொம்பச் சாதாரணம். மழை பெஞ்சா வராந்தாவுல கயிறு தாண்டுவேன். கரண்டு போனா மனப்பாடமாச் சொல்லிப் பாப்பேன். விருந்தாளி வந்தா மறுநாள் காலைல எந்திரிச்சு முடிப்பேன். இப்படி இரண்டு மூன்றைப் பிள்ளை தன் கையால் எழுதி வைத்தாலே போதும்.

இந்த வழிக்குக் காசு கிட்டத்தட்ட ஆகாது. ஆனால் பெரியவர் ஒருவரின் நேரம் கட்டாயம் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம், போனை வைத்துவிட்டு, "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கிற ஆள் வேண்டும். அம்மா அப்பாவுக்கு முடியவில்லை என்றால் அம்மாச்சி, சித்தப்பா, மாடிவீட்டு அக்கா யாராவது இருக்கலாம். கேட்கிற ஆளே இல்லாத வீட்டில் இந்த வழி இரண்டாம் வாரத்தில் படுத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வகுப்பே மேல்.

சுவரில் ஒட்டுகிற அட்டவணை

இதைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. உண்டியலுக்கும் ஓட்டத்துக்கும் துணையாக ஒரு தாள் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். பிள்ளையே கோடு போட்டு, பிள்ளையே டிக் அடிக்கவேண்டும். அப்பா லேமினேட் செய்து கொண்டுவந்த அட்டவணை ஒரு மாதத்தில் காலண்டருக்குப் பின்னால் போய்விடும். அதோடு, விருந்தாளி வரும்போது "இங்க பாருங்க, போன வாரம் பூராக் காலி" என்று காட்டுகிற பொருளாக அது மாறிவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவதே நல்லது.

நடுவில் விட்டுவிட்டால்

விடுவான். பத்து வயதில் எடுத்ததையெல்லாம் முடிக்கவேண்டும் என்றால் யாரும் புதிதாக எதையும் எடுக்கமாட்டார்கள். எந்த நாளில் விடலாம் என்பதில் மட்டும் ஓர் ஒழுங்கு வைக்கலாம். கால் வலித்த நாளிலோ, கூட இருந்தவன் கேலி செய்த நாளிலோ முடிவெடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் எடுக்கலாம். அங்கே விடுகிறேன் என்று சொன்னால், ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டு விடலாம். 'பெரிசா வச்சிட்டேன்' என்று எழுதுகிறவன் அடுத்த முறை சின்னதாக வைப்பான். 'எனக்குப் பிடிக்கல, அம்மாவுக்காகச் சொன்னேன்' என்று எழுதினால் அந்த வரியைப் படிக்கவேண்டியது அம்மா.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரே வழியை இருவருக்கும் வைக்கவேண்டியதில்லை. எட்டு வயதுத் தம்பி டப்பாவைக் கொட்டி எண்ணிக்கொண்டிருக்க, பன்னிரண்டு வயது அக்கா குறள் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஜூனில் புதுப் புத்தகம், புது டீச்சர் என்று வீடு அல்லோலப்படும். அந்த நேரத்தில் எதையும் தொடங்கவேண்டாம். ஆவணி மூலத்துப் பிட்டுத் திருவிழா முடிந்ததும் தொடங்கினால் தீபாவளி வரை இரண்டு மாதம்போலக் கிடைக்கும். முதல் முயற்சிக்கு அந்த அளவே போதும்.